காப்பாற்றிவிட்டுக் கைவிட்ட நகரம்

குளத்தை நம்பி வெள்ளாமை செய்தவர்களுக்கு வான் என்றால் என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை. மாரியில் குளம் முட்டும்போது கட்டு நிற்க வேண்டுமானால், மிகுந்த நீர் வான் வழியே பாய்ந்தாக வேண்டும். வானை அடைத்தால் கட்டுப் போகும். கட்டுப் போனால் ஊர் போகும். ஆனால் வான் பாயும் நிலத்தில் மக்கள் வீடு கட்டிக் குடியிருந்தால் என்ன செய்வது? யாரை மூழ்கவிட்டு யாரைக் காப்பாற்றுவது?

ஐக்கிய அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், 2011 மே மாதம் இந்தக் கேள்வி எழுந்தது. அன்று கொடுக்கப்பட்ட பதிலைவிட அதற்குப் பின் நடந்தவையே எம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றன. நாம் அங்கு போய்ப் பார்த்தவர்கள் அல்லர், வாசித்தறிந்ததையே எழுதுகின்றோம். ஆயினும் இடம்பெயர்ந்த அனுபவமுள்ள எமது வாசகர்களுக்கு இக்கதையின் பல பகுதிகள் முன்பே தெரிந்தவை போலத் தோன்றும்.

இலினொய் மாநிலத்தின் தென்கோடியில், ஒகையோ ஆறு மிசிசிப்பியுடன் கலக்கும் முனையில் கேரோ என்ற சிறு நகர் இருக்கின்றது. எழுத்தில் எகிப்தின் தலைநகர் கெய்ரோவின் பெயர்தான். ஊரவர் வாயில் அது கேரோ. இரு பக்கமும் ஆறு என்பதால் நகரைச் சுற்றி அணை எழுப்பியிருக்கின்றார்கள். வடக்கே, புகையிரதப் பாதையின் கீழாக நெடுஞ்சாலை நகருக்குள் நுழையுமிடத்தில், பிரமாண்டமான இரும்புக் கதவொன்று உண்டு. வெள்ளம் வந்தால் அதை இறக்கி, நகரை நான்கு புறமும் மூடிய கிண்ணம்போல் ஆக்கிவிடலாம்.

நீராவிக் கப்பலும் புகையிரதமும் சந்திக்கும் துறையாக இருந்ததால் இந்நகர் செழித்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 இல் ஜெனரல் கிராண்ட் இங்குதான் தமது தலைமையகத்தை அமைத்தார். 1920 இல் 15,203 பேர் வாழ்ந்தார்கள். 2010 இன் குடிசன மதிப்பில் 2,831 பேர். 2020 இல் 1,733 பேர். நூறு ஆண்டுகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் இல்லாமற் போனார்கள். யுத்தம் நடக்கவில்லை. அணையும் உடையவில்லை.

பாலங்கள் வந்து துறைமுகத்தின் வேலையைப் பறித்தன என்பது ஒரு காரணம். 1889 இல் ஒகையோவின் குறுக்கே புகையிரதப் பாலம் அமைந்தது. 1978 இல் புதிய நெடுஞ்சாலைப் பாலம் நகரை ஒதுக்கிவிட்டுச் சென்றது. ஆனால் பாலங்கள் எல்லா ஆற்றங்கரை ஊர்களுக்கும் வந்தன. கேரோவுக்கு வேறொரு நோயும் இருந்தது.

1909 இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, குற்றம் விசாரிக்கப்படுமுன்பே, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க வீதியில் கொன்றார்கள். அந்தக் காட்சியைப் படம் பிடித்துத் தபாலட்டையாகவும் விற்றார்கள். 1967 இல் விடுமுறையில் வந்த றொபேட் ஹண்ட் என்ற 19 வயதுக் கறுப்பினப் படைவீரர் பொலிஸ் நிலையத்தில் தூக்கில் தொங்கக் காணப்பட்டார். தற்கொலை என்றது பொலிஸ்; கறுப்பின மக்கள் நம்பவில்லை. நகரில் கலவரம் மூண்டது. வெள்ளையர் ஆயுதம் தாங்கிய காவற்குழுக்களை அமைத்தனர். கறுப்பினத்தவர் வாழ்ந்த தொடர்மாடிகளை நோக்கி இரவில் வெடி வைப்பதும் நடந்தது.

1969 இல் கறுப்பின மக்கள் ஐக்கிய முன்னணி என்ற பெயரில் ஒன்றுகூடி, தங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு தங்களுக்கு வேலை தர மறுக்கும் கடைகளைப் பகிஷ்கரித்தார்கள். சார்ள்ஸ் கோயன் என்ற இளம் போதகர் அதன் தலைவர். கறுப்பினத்தவரை வேலைக்குச் சேர்ப்பதைவிடக் கடையை மூடுவது மேல் என்று பல முதலாளிமார் முடிவெடுத்தார்கள், மூடினார்கள். கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்துக் குளிக்க விடுவதைவிட நீச்சற் குளத்தை மூடுவது மேல் என்று அதையும் மூடி, பின்னர் சீமெந்து போட்டு நிரப்பினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் அதன்பின் குளம் இல்லை. பிறனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகத் தன் கிணற்றைத் தானே தூர்ப்பவனை நாமும் எங்கள் ஊர்களில் கண்டதுண்டு. கேரோவில் ஒரு நகரமே அதைச் செய்தது.

இங்கே எமது திருச்சபையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கேரோவில் கத்தோலிக்கரும் நிறத்தின்படி வெவ்வேறு ஆலயங்களில் பூசை கண்டார்கள். 1960களின் இறுதியில் பெல்வில் மறைமாவட்டத்திலிருந்து அங்கு வந்த அருட்தந்தை ஜெரால்ட் மொன்ட்றோய், கறுப்பினத்தவருக்கெனக் கட்டப்பட்ட புனித கொலும்பா ஆலயத்தின் கதவை ஐக்கிய முன்னணிக்குத் திறந்துவிட்டார். அவ்வாலயமே போராட்டத்தின் தலைமையிடமாயிற்று. வெள்ளையரான கத்தோலிக்கர் அவர்மீது கடுங்கோபம் கொண்டார்கள். நாம் இதை வாசித்தபோது பெருமைப்படவில்லை. நாம் அவ்விடத்தில் இருந்திருந்தால் எந்த ஆலயத்தில் பூசை வைத்துக்கொண்டிருந்திருப்போம் என்றே யோசித்தோம்.

இனி வெள்ளத்துக்கு வருவோம். 1927 இல் மிசிசிப்பி பெருகிப் பேரழிவு நேர்ந்தபின், 1928 இல் அரசு ஒரு சட்டம் இயற்றி ஆற்றுக்கு வான் அமைத்தது. அதிலொன்று கேரோவுக்கு எதிர்க்கரையில், மிசூரி மாநிலத்தில், ஏறத்தாழ 130,000 ஏக்கர் நிலம். நீர் எல்லை மீறினால் அங்குள்ள அணையைத் தகர்த்து ஆற்றை அந்நிலத்தில் பாயவிடுவது திட்டம். அதற்கான உரிமையைக் காணிச் சொந்தக்காரரிடம் அரசு அன்றே காசு கொடுத்து வாங்கியிருந்தது. 1937 இல் ஒருமுறை பாயவிட்டார்கள். பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படவில்லை. உறுதியில் எழுதப்பட்டிருந்ததை ஆட்கள் மறந்தார்கள். கோதுமையும் சோளமும் சோயாவும் விளைந்தன.

அந்த வானுக்குள்தான் பின்ஹூக் என்ற சிற்றூர் இருந்தது. 1940களில் தென்புறத்திலிருந்து வந்த கறுப்பினக் கமக்காரர், சதுப்புக் காட்டை வெட்டி, மரவேரைத் தோண்டி உருவாக்கிய ஊர். வேறிடத்தில் கறுப்பினத்தவருக்கு எவரும் காணி விற்கமாட்டார்கள். மூழ்கக்கூடிய நிலமென்றபடியால் இங்கே விற்றார்கள். நல்ல நிலம் பிறருக்கும் ஆபத்தான நிலம் ஏழைக்கும் பங்கு பிரிக்கப்படுவது மிசூரியில் மட்டுமா?

2011 வசந்த காலத்தில் பெருமழை. ஒகையோ ஆறு கேரோவில் 1937 இன் 59.5 அடியைத் தாண்டி, மே 2 ஆம் திகதி 61.72 அடி வரை ஏறியது. அணையின் அடியால் நீர் ஊறி, உட்புறத்தில் மணலைக் கக்கத் தொடங்கியது. குளக்கட்டில் இப்படி ஊறல் கண்டவர்களுக்கு அந்த இரவின் பயம் புரியும். மக்கள் அனைவரும் வெளியேறும்படி நகர பிதா உத்தரவிட்டார். மிசூரி மாநிலம் அணையைத் தகர்ப்பதைத் தடுக்க உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அம்மாநிலச் சட்டசபையின் சபாநாயகரிடம், கமநிலம் மூழ்குவதா கேரோ மூழ்குவதா என்று ஒரு நிருபர் கேட்டபோது, கேரோவே மூழ்கட்டும் என்றார் அவர். பின்னர் மன்னிப்புக் கேட்டார். கேரோவில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மே 2 இரவு, இராணுவப் பொறியியலாளர் அணைக்குள் பதித்த குழாய்களில் வெடிதிரவம் செலுத்தித் தகர்த்தார்கள். கேரோவில் நீர் இறங்கியது.

அணையைத் தகர்த்தது பிழையென்று நாம் சொல்ல மாட்டோம். ஏறத்தாழ மூவாயிரம் பேரின் உயிரும் ஊரும் ஒரு பக்கம். வயலும் நூறளவிலான வீடுகளும் மறுபக்கம். முடிவு எடுத்தவர் மனிதரைத் தெரிந்தார். ஆனால் ஒருவருக்காக இன்னொருவர் வீட்டை மூழ்கவிட்டவருக்கு அந்த இன்னொருவர் விடயத்தில் ஒரு கடன் உண்டு. அந்தக் கடன் எப்படித் தீர்க்கப்பட்டது?

நீர் வடிந்தபின் அந்த வயல்களில் பெரும்பகுதியில் அதே ஆண்டே சோயா விதைத்தார்கள். நிலம் மீண்டது. பின்ஹூக் மீளவில்லை. எவரும் வந்து ஏற்றிச் செல்லாததால், அவ்வூரவர் கையில் அகப்பட்ட வாகனங்களில் அகப்பட்ட சாமான்களுடன் வெளியேறியிருந்தார்கள். திரும்பிவந்து பார்த்தபோது வீடுகள் குடியிருக்கத் தகாதவையாய்க் கிடந்தன. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்களை ஓர் ஊராக, ஒன்றாக, உயர்ந்த நிலத்தில் இருத்துங்கள். அலுவலகங்களின் படிவங்களில் குடும்பத்துக்குக் கட்டம் இருந்தது. ஊருக்குக் கட்டம் இல்லை. (இதை வாசிக்கும்போது எமது வாசகர் சிலர் தங்கள் பெட்டியிலுள்ள கடிதக்கட்டை ஒருமுறை நினைப்பார்கள்.) ஆண்டுகள் பல கடந்தபின், மெனோனைற் சபையின் அனர்த்த உதவித் தொண்டர்கள் கைகொடுக்க, சில குடும்பங்களுக்கு சைக்ஸ்ரன் நகரில் வீடுகள் எழுந்தன. அதுவரை உறவினர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் சிதறியிருந்தவர்கள், பின்ஹூக் தினம் என்று ஆண்டுதோறும் கூடும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. ஊர் இல்லை, ஊர்நாள் இருந்தது.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே இலினொயில், அதே மிசிசிப்பிக் கரையில், வல்மயர் என்ற ஏறத்தாழ 900 பேரின் ஊர் 1993 வெள்ளத்தில் அழிந்தது. பெரும்பாலும் வெள்ளையர். அவர்கள் கூடிப் பேசி, வாக்கெடுத்து, சுமார் 500 ஏக்கர் காணி வாங்கி, ஊரையே குன்றின் மேல் நகர்த்தினார்கள். சில ஆண்டுகளில் பள்ளிக்கூடமும் ஆலயமும் வீடுகளுமாகப் புதிய வல்மயர் எழுந்தது. எல்லோரும் போகவில்லை, பலர் போனார்கள். ஆகவே ஓர் ஊரை ஊராகவே குடியேற்ற முடியாது என்று எவரும் சொன்னால் நம்பவேண்டாம். முடியும். யாருக்காக அதைச் செய்கிறார்கள் என்பதே வேறுபடுகிறது.

இந்த விடயத்தில் நாம் எம்மையும் விலக்கிக்கொள்ள முடியாது. தொண்டுவேலை செய்பவர்களாகிய நாமும் குடும்ப அட்டையைப் பார்த்துத் தகரமும் பாயும் கொடுத்திருக்கின்றோம், எண்ணிக் கணக்கெழுதியிருக்கின்றோம். யாருக்குப் பக்கத்தில் யார் இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டது குறைவு. அக்கேள்விக்கு எமது அறிக்கைகளிலும் கட்டமில்லை.

சரி, யாருக்காக அந்த வெடி வைத்தார்களோ அந்தக் கேரோ என்னவாயிற்று? அங்கே எல்ம்வூட், மக்பிரைட் என்று இரண்டு அரச குடியிருப்புகள் இருந்தன. வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தவர். பாதிப்பேர் அளவில் சிறுவர். பல ஆண்டு முறைகேட்டால் அக்கட்டடங்கள் எலியும் பூஞ்சணமுமாகச் சீரழிந்தன. 2016 இல் மத்திய அரசின் வீடமைப்புத் திணைக்களம் அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்தது. 2017 ஏப்ரலில், திருத்துவதில்லை, மூடப்போகிறோம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 400 பேருக்கு வாடகை உதவிச் சீட்டு ஒன்று கொடுத்து, விரும்பிய இடத்தில் வீடு தேடிக்கொள்ளச் சொன்னார்கள். கேரோவில் வாடகைக்கு வீடு இல்லை. ஆகவே விரும்பிய இடம் என்றால் வேறு ஊர் என்று பொருள். ஒரு குடும்பம் மிசூரிக்கு, ஒரு குடும்பம் கென்ரக்கிக்கு, இன்னொன்று இலினொயின் வடக்கே. வகுப்பறையில் வாங்குகள் வெறுமையாயின. 2019 இல் கட்டடங்களை இடித்தார்கள்.

2011 இல் இவர்களைக் காப்பாற்ற 130,000 ஏக்கரை மூழ்கடித்த அதே அரசுதான் ஆறு ஆண்டுகளில் இவர்களைச் சிதறடித்தது. முதலாவதற்கு ஒரே இரவு போதுமாயிருந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டாவது, கடிதம் கடிதமாக நடந்தது. கட்டடங்கள் பழுதென்பது உண்மை. அப்பிள்ளைகள் அங்கே வாழ்ந்திருக்கக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் அணையைத் தகர்க்கப் பணம் தேடியவர்களுக்கு, அதே நகருக்குள் ஐம்பது வீடு கட்டப் பணம் ஏன் அகப்படவில்லை என்று கேட்க வேண்டாமா? சீட்டு வாங்கிக்கொண்டு போனவரைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. மழை ஒழுகாத வீடு கிடைத்தால் யார்தான் போகமாட்டார்? ஆனால் போ என்பதைத் தவிர வேறு வழியை வைக்காமல், அவர்களாகவே போனார்கள் என்று எழுதுவது கணக்கைத் திருத்துவதாகும்.

வைத்தியசாலை 1986 இலேயே மூடப்பட்டுவிட்டது. பலசரக்குக் கடை 2015 இல் மூடப்பட்டது. அதன்பின் பாலும் மரக்கறியும் வாங்குவதற்கு வேறு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. வாகனம் இல்லாதவர் அயலவர் தயவில் போனார்கள். மீந்திருந்தவர்கள் பல ஆண்டு கூடிக்கூடிப் பேசி, பங்குப் பணம் சேர்த்து, அரச உதவியும் பெற்று, 2023 யூனில் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். எமது சங்கக்கடை போன்றதுதான், அங்கத்தவரே சொந்தக்காரர். திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வந்தார்கள். விழா முடிந்தபின், குறைந்த ஆட்களுள்ள ஊரில் கடையை நடத்துவது கடும்பாடாய் இருந்தது. தட்டுகளை நிரப்புவதே சிரமமாயிற்று. சங்கக்கடை நடத்திப் பார்த்த எவருக்கும் அது புதினமல்ல. 1960களில் கறுப்பினத்தவர் விற்பனையாளராக நிற்க அனுமதிக்கப்படாத அந்த நகரில், இந்தக் கடையின் பங்காளர்களாகக் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பதிவேட்டில் பெயர் எழுதியிருக்கின்றார்கள்.