ஆள் மாற்றாத பாட்டுக் கோஷ்டி!

ஒரு பாட்டுக் கோஷ்டியின் தலைவர் படுத்த படுக்கையாகிவிட்டால், மற்றவர்கள் என்ன செய்வது?

"வேறு ஆளைப் பார்" என்று வியாபாரம் சொல்லும். "காத்திரு" என்று நட்பு சொல்லும். பிரேசில் நாட்டு ராக் இசைக் கோஷ்டி ஒன்று, நட்பின் பேச்சைக் கேட்டது. அதனால் அது கெட்டுப் போகவில்லை. நாற்பது ஆண்டைத் தாண்டி நிற்கிறது!

அதன் பெயர் 'ஊஸ் பாரலாமாஸ் டூ சுசெசூ'. போர்த்துக்கீசிய மொழியில் 'வெற்றியின் மட்கார்டுகள்' என்று பொருள். வேடிக்கையாக வைத்த பெயர்தான். ஆனால் மட்கார்டின் வேலை என்ன? சேற்றைத் தான் வாங்கிக்கொண்டு, வண்டியில் இருப்பவரைக் காப்பது அல்லவா?

பாட்டி வீட்டில் ஒத்திகை

ஹெர்பர்ட் வியானா பாடுவார், கித்தாரும் வாசிப்பார். பி ரிபெய்ரோ பாஸ் கித்தார் வாசிப்பவர். தலைநகர் பிரேசிலியாவில் இளமையிலேயே பழகியவர்கள். ரியோ டி ஜெனீரோ நகரில், கோபகபானா பகுதியில் இருந்த ரிபெய்ரோவின் பாட்டி வீட்டில் ஒத்திகை நடந்தது.

1982-ல் ஒரு பல்கலைக்கழகக் கச்சேரிக்கு டிரம் வாசிக்கும் வித்தால் வரவில்லை. ஜோவான் பரோனே என்ற இளைஞர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை! போனவரையும் கோஷ்டி மறக்கவில்லை. வித்தாலையும் அவருடைய மோட்டார் சைக்கிளையும் வைத்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். 1983-ல் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தப் பாட்டுத்தான்.

1985 ஜனவரியில் 'ராக் இன் ரியோ' என்னும் மாபெரும் இசை விழா நடந்தது. 21 ஆண்டு ராணுவ ஆட்சி முடியும் தறுவாய் அது. விழா நடந்துகொண்டிருந்த போதே, சிவிலியன் ஒருவர் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மேடையில் பாடிய இந்த மூவரையும் நாடே அறிந்துகொண்டது.

மேனாட்டு ராக்கை அப்படியே காப்பி அடிக்கவில்லை இவர்கள். 1986-ல் வந்த 'செல்வாஜெம்' இசைத்தட்டில் ஜமைக்காவின் ரெகே இசை கலந்தது. சேரி மக்களின் வாழ்வு பாட்டானது.

1995-ல், பார்லிமெண்டு அங்கத்தினர்களைத் தாக்கி ஒரு பாட்டு வந்தது. அதைப் பிரேசிலியா கச்சேரியில் பாடக் கூடாது என்று கோர்ட்டுத் தடை போட்டது. தடையினால் பாட்டின் புகழ் கூடியதே தவிரக் குறையவில்லை!

விழுந்த விமானம்

2001 பிப்ரவரி 4. ரியோவுக்கு மேற்கே, மங்கராத்திபா கடற்கரைப் பக்கம். வியானா ஒரு சிறு விமானத்தை ஓட்டிச் சென்றார். அது கடலில் விழுந்தது. உடன் இருந்த மனைவி லூசி மாண்டார். வியானாவின் உயிர் தப்பியது. ஆனால் பல நாள் நினைவின்றிக் கிடந்தார். கால்கள் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 39. மூன்று குழந்தைகளுக்குத் தந்தை.

புதுப் பாடகரைத் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 1980-ல் 'ஏசி டிசி' என்ற ஆஸ்திரேலியக் கோஷ்டியின் பாடகர் இறந்தார். அதே ஆண்டில் புதியவரை வைத்து இசைத்தட்டு வெளியிட்டு, உலகப் புகழ் பெற்றார்கள். அது தவறே அல்ல. ஆனால் இறந்தவர் இடத்தை நிரப்புவது வேறு. உயிரோடு கிடப்பவர் இடத்தை நிரப்புவது வேறு.

ஒரு நாள் வராதவரின் இடத்தில் ஆள் வைத்த அதே கோஷ்டி, இப்போது யாரையும் தேடவில்லை. இது முரண்பாடு அல்ல, வளர்ச்சி. 1982-ல் தேவைப்பட்டது, டிரம் வாசிக்க ஒரு கை. 2001-ல் தேவைப்பட்டது, இருபது ஆண்டு சேர்ந்து உழைத்த ஒரு மனிதர்!

நீண்ட பாதை

வியானா மீண்டும் கித்தாரைக் கையில் எடுத்தார். 2002-லேயே புதிய இசைத்தட்டு வந்தது. அதன் பெயர் 'நீண்ட பாதை'. பின்னர் 2005, 2009, 2017 ஆண்டுகளிலும் புதுப் பாட்டுகள் வந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் பாட, இரு பக்கமும் அதே ரிபெய்ரோ, அதே பரோனே!

"இரக்கப்பட்டுக் கூட்டம் வருகிறது" என்று சிலர் சொல்லலாம். இரக்கம் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் விற்கும். இரண்டு கச்சேரிக்கு விற்கும். இருபது ஆண்டுக்கு விற்குமா? பாட்டில் சரக்கு இல்லாவிட்டால் எந்த ரசிகனும் திரும்பி வரமாட்டான்.

கோஷ்டிகள் பெரும்பாலும் உடைவது விபத்தினால் அல்ல. பணத்தினால், "நான் பெரியவனா, நீ பெரியவனா" என்ற போட்டியினால். இந்த மூவருக்கும் வந்த சோதனை மற்றவர்களுக்கு வந்ததைவிடக் கொடியது. ஆயினும் உடையவில்லை.

எத்தனை தட்டு விற்றது என்பது கணக்கு. விழுந்தவர் எழும்வரை யார் காத்திருந்தார்கள் என்பதுதான் மதிப்பு. சேற்றைத் தாங்கிய மட்கார்டுகளுக்கு அந்த மதிப்பு நிச்சயம் உண்டு.