நிறுவினால் போதுமா?

பழைய நகரத் தெருக்களில் ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வீடு ஒன்று, குடித்தனங்கள் பல. கிணறும் ஒன்று, மின்சார மீட்டரும் ஒன்று. யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுப்பவர் வீட்டுக்காரர். இதே ஏற்பாடு கணிப்பொறிக்குள்ளும் உண்டு. ஒரே சர்வரைப் பல கணிப்பொறிகளாகப் பங்கிடும் 'வீட்டுக்கார' நிரலுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதில் குடியிருப்பவை மெய்நிகர் கணிப்பொறிகள். வேற்றுமை ஒன்றுண்டு. ஒண்டுக்குடித்தனத்தில் அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழும். மெய்நிகர் கணிப்பொறிக்கோ, பக்கத்தில் இன்னொன்று இருப்பதே தெரியாது. இயந்திரம் முழுவதும் தனதே என்பதுபோல் அது இயங்கும்.

இது எப்படி இயலும்? செயலியின் கட்டளைகளில் சில அதிகாரம் மிக்கவை. நினைவகத்தைப் பங்கிடுவது, சாதனங்களை இயக்குவது போன்றவை அவை. குடியிருக்கும் கணிப்பொறி அத்தகைய கட்டளையை இட்டால், ஹைப்பர்வைசர் அதை இடைமறித்து, ஆக வேண்டியதைத் தானே செய்து கொடுக்கிறது.

கருத்து பழையது. 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினர். 1972-இல் அந்நிறுவனம் விஎம்/370 என்ற பெயரில் இதனை வெளியிட்டது. அன்று பெரும் கணிப்பொறிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த இவ்வசதி, இன்று யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 2007-இல் லினக்ஸ் கருநிரலிலேயே கே.வி.எம். சேர்க்கப்பட்டது. ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் இதை நிறுவிவிடலாம்.

நிறுவியதும் கைதட்டல் கிடைக்கிறது. பாடமும் அத்துடன் முடிந்துவிடுகிறது. இது பிழை என்பதே என் கருத்து. நிறுவுதல் இப்பணியின் சிறு பங்கு, பராமரிப்பே பெரும்பங்கு. நாம் கற்பிக்க வேண்டியதும் மதிப்பெண் தர வேண்டியதும் அதற்கே.

காரணம் எளிது. பத்துக் கணிப்பொறிகளில் ஒன்று பழுதானால் ஒன்பது மிஞ்சும். பத்தும் ஓர் இயந்திரத்தில் குடியிருந்தால், அது பழுதானால் ஒன்றும் மிஞ்சாது. 2023 பிப்ரவரியில் இதை உலகம் கண்டது. இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்னும் ஹைப்பர்வைசர் ஓடிய ஆயிரக்கணக்கான சர்வர்களைக் கயவர்கள் தாக்கி, மெய்நிகர் கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். அவர்கள் நுழைந்த வழியாகப் பிரெஞ்சு அரசின் கணிப்பொறிப் பாதுகாப்புக் குழு சுட்டிய ஓட்டைக்கு, 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வெளிவந்திருந்தது. மருந்து இரண்டு ஆண்டுகளாகக் கடையில் இருந்தது. வாங்கிப் போடத்தான் ஆளில்லை.

"ஓடுகிற இயந்திரத்தைத் தொடாதே" என்பார் சிலர். இவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஹைப்பர்வைசரைத் திருத்தி மறுபடி தொடங்கும்போது, குடியிருக்கும் அத்தனையும் நிற்கும். திருத்தமே புதிய தொல்லை தருவதும் உண்டு. ஆனால் இதற்கு விடை தொடாமலிருப்பதன்று. முதலில் ஓர் உபரிக் கணிப்பொறியில் சோதியுங்கள். இரண்டாவது சர்வர் இருப்பின், குடித்தனங்களை அதற்கு மாற்றிவிட்டு முதலாவதைத் திருத்துங்கள். இல்லையேல், நாள் குறித்து, அனைவருக்கும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கணக்கிலும் கவனம் வேண்டும். 32 ஜிகாபைட் நினைவகத்தில் தலைக்கு 8 வீதம் நால்வரைக் குடிவைத்தால், வீட்டுக்காரருக்கு இடம் ஏது? நினைவகம் போதாதபோது ஹார்டு டிஸ்க் கைகொடுக்கும். ஆனால் நினைவகத்தை எட்டச் சுமார் 100 நானோ விநாடி. சுழலும் டிஸ்க்கை எட்டச் சுமார் 10 மில்லி விநாடி. வகுத்துப் பாருங்கள், வேகம் லட்சத்தில் ஒரு பங்காகிவிடும்!

இவ்வளவு சொல்லும் நானும் ஒருமுறை தவறியவன்தான். எங்கள் ஆய்வுக்கூடச் சர்வரை நானே நிறுவினேன். வாரந்தோறும் 'ஸ்நாப்ஷாட்' எடுத்து, அதுவே காப்பு நகல் என்று நம்பியிருந்தேன். ஸ்நாப்ஷாட் முழு நகலன்று. அதை எடுத்த நொடியில் பழைய டிஸ்க் கோப்பு அப்படியே நிறுத்தப்படும். பின்வரும் மாற்றங்கள் வேறொரு கோப்பில் எழுதப்படும். இரண்டும் சேர்ந்தால்தான் பயன். இரண்டும் இருந்ததோ ஒரே டிஸ்க்கில். ஒரு நாள் அந்த டிஸ்க் நின்றது. முதுகலை மாணவி ஒருவர் ஆறு மாதம் எடுத்த வெப்பக் கடத்தல் அளவீடுகள் போயின. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் அளவீட்டை மீண்டும் தொடங்கினார். இயந்திரத்தின் மேல் பழிபோட எனக்கு வாய் வரவில்லை. டிஸ்க் என்றாவது நிற்கும் என்பது எனக்குத் தெரிந்ததே.

எனவே உங்களுக்கு ஒரு செய்முறைப் பயிற்சி. பழைய கணிப்பொறி ஒன்று கிடைத்தால் கே.வி.எம்.-ஐ நிறுவுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எப்போது, ஏன் என்று தேதியிட்டு எழுதுங்கள். மெய்நிகர் கணிப்பொறியை நிறுத்திவிட்டு, அதன் கோப்புகளின் முழு நகலை வேறு டிஸ்க்கில் எடுங்கள். பின்பு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அந்த மெய்நிகர் கணிப்பொறியை அழித்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகலிலிருந்து அதை மீட்டெடுங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் நோட்டில் குறியுங்கள். மீட்க முடியவில்லையா? வருந்த வேண்டாம். அழிந்தது உங்கள் பயிற்சிக் கணிப்பொறிதான். யாருடைய ஆறு மாத உழைப்புமன்று. தவறு எங்கே என்று நோட்டில் தேடுங்கள், மறுபடி செய்யுங்கள்.