வெட்டப்படாத படச்சுருளே சாட்சி

அணுகுண்டு விழுந்த சில வாரங்களில், 1945 செப்டம்பரில், நிப்பான் எய்கஷா என்ற ஜப்பானியச் செய்திப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர்கள் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் படமெடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய அகிரா இவாசாகி, திரைப்படத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவந்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துச் சொந்த நாட்டிலேயே சிறை சென்றவர். அக்டோபரில் அமெரிக்க ராணுவம் படப்பிடிப்பை நிறுத்தியது. பிறகு, குண்டுவீச்சின் விளைவுகளை அளக்க வந்த அமெரிக்க ஆய்வுக் குழுவின் மேற்பார்வையில் வேலை தொடர்ந்தது. ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம் ஓடும் படம் 1946இல் முடிந்தது. முடிந்த கையோடு அது அமெரிக்காவுக்குப் போய், ரகசிய ஆவணமாகிப் பூட்டப்பட்டது. ஜப்பானியக் கலைஞர்கள் சிலர் தண்டனைக்கு அஞ்சாமல் ஒரு பிரதியை ஒளித்துவைத்தார்கள். நடந்ததற்குச் சாட்சி சொல்லும் ஒரு படத்தைக் களவுப் பொருளைப் போல ஒளித்துத்தான் காப்பாற்ற முடிந்தது என்றால், அதைவிட வெட்கக்கேடு வேறில்லை. போர்க்காலப் படச்சுருள்களை வெட்டாமல், குறைக்காமல், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைப்பது எந்த அரசுக்கும் கடமை. பசிபிக் போரின் படச்சுருள்கள் பட்ட பாடே இதற்கு ஆதாரம்.

ராணுவ ரகசியம், பாதுகாப்பு என்ற காரணங்கள் அன்று சொல்லப்பட்டன. ஆனால், கோரமான காட்சிகளை மக்களிடம் காட்டவே கூடாது என்று அமெரிக்க அரசு நினைத்ததில்லை. 1943 நவம்பரில் தராவா தீவில் 76 மணி நேரம் நடந்த சண்டையில் ஏறக்குறைய 1,000 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கரையோர நீரில் மிதக்கும் அவர்களின் உடல்களை வண்ணத்தில் காட்டிய குறும்படத்தை வெளியிட அதிபர் ரூஸ்வெல்ட்டே ஒப்புதல் தந்தார். 1944இல் அது திரையரங்குகளில் ஓடியது; ஆஸ்கர் விருதும் பெற்றது. சொந்த நாட்டு வீரனின் சடலம் மக்களின் உறுதியைக் கூட்டும் என்று தோன்றியபோது வெளியே வந்தது. தாங்கள் போட்ட குண்டில் வெந்தவர்களின் உடல் கேள்வி எழுப்பும் என்று தோன்றியபோது பெட்டிக்குள் போனது. இரண்டு முடிவுக்கும் அளவுகோல் அரசியல் வசதிதான்.

கத்தரிக்கோல் அமெரிக்காவின் கையில் மட்டும் இருக்கவில்லை. 1967இல் அணுகுண்டுப் படத்தின் பிரதி ஜப்பானுக்குத் திரும்பி வந்தபோது, அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் காயம்பட்ட மனிதர்கள் வரும் பகுதிகளை நீக்கிவிட்டே பொதுமக்களுக்குக் காட்டியது. அதே படத்தில் வரும் ஹிரோஷிமாவின் ஒரு பாலத்தின் தரையில் கைப்பிடிச் சுவரின் நிழல் அப்படியே பதிந்துபோயிருந்தது. குண்டு எங்கே, எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்கிட நிபுணர்கள் அத்தகைய நிழல்களை அளந்தார்கள். கைப்பிடியின் நிழல் ஆய்வுக்கு உதவும் என்று மதிக்கப்பட்டது. அந்தக் கைப்பிடியைப் பிடித்து நடந்தவர்கள் பார்க்கத் தகாதவர்கள் ஆனார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் பார்னோ, 1970இல் அந்த நீண்ட படத்திலிருந்து 16 நிமிடக் குறும்படம் ஒன்றை உருவாக்கி, மனிதர்களை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார். அவரும் வெட்டித்தானே எடுத்தார் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மூலப்படம் ஆவணக் காப்பகத்தில் திறந்திருந்தது. அவர் விட்டது எது, எடுத்தது எது என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மூலத்தையே மறைத்துவிட்டு வெட்டியதைக் காட்டுவதுதான் குற்றம்.

பாதிக்கப்பட்டவர்களின் மானத்தைக் காக்கவே அந்தக் காட்சிகளை நீக்கியதாகச் சிலர் சொல்வார்கள். இது புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல. படமெடுத்தபோது பலரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் சார்பில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? நாகசாகியில் சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டிருந்த சுமிதெரு தனிகுச்சிக்கு அப்போது 16 வயது. முதுகு முழுக்கத் தோல் உரிந்து, செக்கச்செவேலென்ற சதையோடு மருத்துவமனையில் குப்புறப் படுத்திருந்த அவரை, 1946 ஜனவரியில் அமெரிக்கப் படப்பிடிப்புக் குழு வண்ணத்தில் பதிவுசெய்தது. அந்தச் சுருளும் நெடுங்காலம் ரகசியமாகவே கிடந்தது. ஆனால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 2010இல் நியூயார்க்கில், அணு ஆயுதப் பரவல் தடை மாநாட்டில், தன் முதுகின் படத்தைத் தானே தூக்கிக்காட்டினார். தான் காட்சிப்பொருள் அல்ல என்றும், ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஜப்பான் மக்களும் 1980களின் தொடக்கத்தில் ஆளுக்குப் பத்து அடிப் படச்சுருளுக்குப் பணம் போட்டு, இந்தக் காட்சிகளை அமெரிக்கக் காப்பகத்திலிருந்து விலைக்கு வாங்கிப் படமாக்கினார்கள். மானம் காப்பது என்பது பெயரும் சூழலும் சொல்லி மரியாதையோடு காட்டுவது, இல்லாததாக்குவது அல்ல.

இந்தச் சுருள்கள் வென்றவர்கள் எடுத்தவை அல்லது அவர்களின் மேற்பார்வையில் எடுக்கப்பட்டவை, ஒருதலைப்பட்சமானவை, இவற்றை நம்பி என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. கேமரா பெரும்பாலும் படைகளோடுதான் போனது. அது போகாத இடங்கள் ஏராளம். மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களின் துயரம் பெரும்பாலும் உயிர் பிழைத்தவர்களின் வாய்மொழியாகவே நமக்கு வந்துசேர்ந்திருக்கிறது. பதிவு குறையுடையது என்பது இருக்கும் பதிவைப் பூட்டிவைக்கக் காரணம் ஆகாது. யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார், எங்கே வெட்டினார் என்ற விவரங்களோடு முழுச்சுருளும் கிடைத்தால்தான் அந்தச் சாய்வையும் நாம் கண்டுபிடிக்க முடியும்.

அந்தக் குண்டுகளிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். தனிகுச்சியும் 2017இல் மறைந்தார். இனி அவர்களுக்குப் பதிலாகச் சாட்சி சொல்லப்போவது இந்தச் சுருள்கள்தான். எந்த நாட்டின் காப்பகமாக இருந்தாலும், போர்ப் படங்களை முழுமையாகவும் உரிய விவரங்களோடும் மக்கள் முன் வைக்க வேண்டும். வாசகர்களும், பின்னணி இசை சேர்த்து நறுக்கிய ஒரு நிமிடப் போர்க்காட்சி கைப்பேசிக்கு வரும்போது, மீதி எங்கே என்று கேட்டுப் பழக வேண்டும்.