சனி, ஞாயிறு மட்டும் போதுமா?

"ரெண்டு நாள் மெட்ராஸ் போயிட்டு வரலாமா?" விழுப்புரம், திண்டிவனம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து மாணவர் விடுதிகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தப் பேச்சு எழாத மாதம் இல்லை. மெரினா, பாண்டி பஜார், ஒரு சினிமா, ஒரு பிரியாணி, ஞாயிறு ராத்திரி பஸ். அவ்வளவுதான் திட்டம். இதில் அரசியல் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது தோழர்களே. நம் பிள்ளைகள் ஊர் சுற்றுவதை இரண்டு தரப்பு கேலி செய்கிறது. "இவனுங்களுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்கிறது ஆதிக்க சாதி. "ஆர்ப்பாட்டத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டான், பீச்சுன்னா முதல் ஆளா நிப்பான்" என்று சலித்துக்கொள்கிறார்கள் இயக்கத்து மூத்தவர்கள் சிலர். முன்னது வன்மம். பின்னது அக்கறையில் வருவது. ஆனால் அந்த அக்கறை ஒன்றை மறந்துவிடுகிறது. பீச்சுக்குப் போவதும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதும் நமக்குச் சும்மா கிடைத்தவை அல்ல.

1924-ல் சென்னை மாகாண சட்டசபையில் தாத்தா ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் எந்த வகுப்பாரும் தடையின்றி நடமாடலாம், பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தெருவில் நடக்கவே தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது. பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளக்கூட மறுத்த காலம் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியனார், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு உரிமம் கிடையாது என்று கண்டிப்புக் காட்டிய பிறகுதான் அந்தப் பகுதியில் கதவு திறந்தது. நீங்கள் செருப்பும் சட்டையும் வாங்கப் போகிற பாண்டி பஜாரின் முறையான பெயர் சவுந்தரபாண்டியனார் அங்காடி. அடுத்த முறை அங்கே பேரம் பேசும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15(2)-வது பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள், சாலைகள், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. ஏறக்குறைய உங்கள் இரண்டு நாள் சுற்றுலாத் திட்டம்தான் அந்தப் பட்டியல். பள்ளிக்கூடமும் வேலையும் மட்டும் போதும் என்று அண்ணலின் தலைமுறை நினைக்கவில்லை. வேடிக்கை பார்க்கவும், களைப்பாறவும், காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடவும் மனிதருக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்தது. ஆகவே குற்ற உணர்ச்சி வேண்டாம். போய் வாருங்கள்.

ஆனால், போனால் ஏன் அவ்வளவு இலேசாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? எழும்பூரிலோ கிளாம்பாக்கத்திலோ இறங்கியதும் தோள் தானாக நிமிர்கிறதே, அது எதனால்? கடல் காற்றால் மட்டும் அல்ல. டீ கேட்டால் டீ வருகிறது, "நீ யார் வீட்டுப் பையன்" என்ற கேள்வி வருவதில்லை. கூலிங்கிளாஸ் போட்டால் யாரும் முறைப்பதில்லை. பைக்கில் மூன்று தெரு சுற்றினாலும் யாரும் வழிமறிப்பதில்லை. நம் கிராமங்களில் இவையெல்லாம் இன்னும் வம்புக்குக் காரணங்கள். இல்லாவிட்டால், பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்போ புதுத்துணியோ அணிவதையும் தடுப்பது குற்றம் என்று 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டிய தேவை என்ன? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் ஏன் அவ்வளவு கடுமையாகப் பதில் சொன்னார் என்பது, சென்னையில் இரண்டு நாள் நிம்மதியாக மூச்சுவிட்டுத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்காமலே புரியும்.

அதற்காகச் சென்னையில் சாதி இல்லை என்று நம்பிவிட வேண்டாம். அங்கே கேள்வியின் வடிவம் மாறுகிறது. லாட்ஜில் அறை எடுக்க ஆதார் அட்டையை நீட்டுகிறீர்கள். அதில் முகவரி இருக்கிறது. அந்த முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல் இருந்தால், கேட்காமலே பதில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அரசுப் பதிவுகளிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. ஆனால் அட்டையில் சொல் மாறினாலும் ஊரில் தெரு மாறவில்லை. இரண்டு நாள் விருந்தாளியாக இருக்கும்வரை நகரம் சிரிக்கிறது. இரண்டு வருடம் தங்க வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்க மாட்டார்கள். "வெஜிடேரியனா?" என்பார்கள், "சொந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் சுற்றிப் பார்க்கும் நகரத்தைக் கட்டியவர்களும் கூட்டியவர்களும் எங்கே இருக்கிறார்கள்? கூவம், அடையாற்றின் கரைகளிலும் நகரத்தின் மையத்திலும் குடியிருந்தவர்களைப் பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஓரத்துக்கு ஓரம் தள்ளினார்கள். அதில் பெரும்பகுதி நம் மக்கள். வேலை ஒரு முனையில், வீடு மறுமுனையில். கண்ணகி நகரின் சுவர்களில் இன்று பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. பார்க்கப் போனால் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். அங்கே ஒரு டீ குடித்து, முன்பு எங்கே குடியிருந்தீர்கள் என்று யாரிடமாவது கேளுங்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக நிற்கிறதே ரிப்பன் மாளிகை, 2025 ஆகஸ்டில் அதன் வாசலில்தான் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று. நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நாம் சுத்தமாக இருக்கிறது என்று வியக்கும் தெருக்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவர்கள்.

எனவே என் யோசனை இதுதான். மெரினாவை விட வேண்டாம். அதோடு நம் வரைபடத்தையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். பெரிய செலவில்லை, ஒரு பகலில் பாதி போதும்.

எழும்பூரில் ரயில் இறங்குகிறீர்கள். நிலையத்துக்கு எதிரிலேயே கென்னட் லேன், அங்கே மகாபோதி சங்கத்தின் புத்த விகாரை. சற்று நடந்தால் அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி, ஞாயிறு திறந்திருக்கும். அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களும், நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் படிமங்களும் அங்கே உள்ளன. பௌத்தம் நமக்கு 1956-ல் நாக்பூரிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று யாராவது சொன்னால், நாகப்பட்டினத்துப் புத்தரைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள். ராயப்பேட்டை வழியாகப் போனால், 1907-ல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய இடம் அது என்று நினைவில் இருக்கட்டும். நீங்கள் ரீல்ஸ் போடுகிற தெருக்களில், நம் தாத்தாக்கள் காலணா விலைக்கு ஒரு பத்திரிகை விற்றார்கள். கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் ரெட்டமலை சீனிவாசனுக்கும் அயோத்திதாசருக்கும் மணிமண்டபங்கள் இருக்கின்றன. நேரமிருந்தால் வடக்கே புளியந்தோப்பு. 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் எரிக்கப்பட்ட இடம். தொழிலாளர் ஒற்றுமை பேசும் மேடைகளில் அதிகம் கேட்காத கதை அது. நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தோழிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் "பிள்ளைகள்" என்று எழுதும்போது பையன்கள் மட்டுமே உங்கள் கண்ணில் தெரிந்தார்கள் என்றால், கோளாறு எங்கே என்று யோசியுங்கள். அண்ணன் சென்னைக்குப் போய்விட்டு வந்து கதை சொல்வான், தங்கை ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தபடி கேட்பாள். வெளியே நம்மைத் தெருவில் நடக்கவிடாதவனைக் கேள்வி கேட்கிற நாம், வீட்டுக்குள் அதே வேலையைச் செய்யக் கூடாது. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நகருக்குள் சுற்றும் செலவு அவர்களுக்குத்தான் குறைவு. வீட்டார் அனுமதிதான் விலை கூடிய டிக்கெட்டாக இருக்கிறது. நாலு தோழிகள் சேர்ந்து கேளுங்கள். அண்ணன்மார்களே, அப்பாவிடம் நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

கடைசியாக, திரும்பி வருவதைப் பற்றி. ஞாயிறு ராத்திரி பஸ் ஊர் எல்லையை நெருங்கும்போது பலருக்கு நெஞ்சு கனக்கும். நாளைக்கு வகுப்பு இருக்கிறதே என்பதால் மட்டும் அல்ல. சட்டைக் காலரை இறக்கிவிட்டுக்கொண்டு, பைக்கை மெதுவாக்கிக்கொண்டு, மறுபடி பழைய ஆளாக வேண்டியிருக்கிறதே என்பதால். சனி, ஞாயிறு மட்டும் குடிமகனாக இருந்துவிட்டுத் திங்கட்கிழமை சேரிக்காரனாகத் திரும்புவதற்கா இத்தனை சட்டங்கள்?

சென்னையில் உங்களுக்குப் பிடித்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கேட்காமல் டீ தந்த கடை. உட்கார ஒரு பூங்கா. நூலகத்தில் ஒரு நாற்காலி. பொதுத் தெருவில் நிமிர்ந்து நடந்த நடை. இப்போது அதன் எதிரில் உங்கள் ஊரில் இவற்றின் நிலை என்ன என்று எழுதுங்கள். டீக்கடையில் தனிக் குவளையா? பஞ்சாயத்து நூலகம் ஊருக்குள் பூட்டிக் கிடக்கிறதா? விளையாட்டுத் திடலுக்குள் நம் பிள்ளைகளை விடுகிறார்களா? அந்தத் தாள்தான் உங்கள் கோரிக்கை மனு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதை வாசியுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்தார்கள் என்று ஆட்சியருக்கு எழுதுங்கள். தனியாகப் போகாதீர்கள், சென்னைக்குச் சேர்ந்து போனவர்கள் அங்கேயும் சேர்ந்தே போங்கள்.