பேஜ்மேக்கருக்குள் பூட்டிக் கிடக்கும் பத்தாண்டு

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் எழுத்துகளை இன்றைக்கு நம்மால் வாசிக்க முடிகிறது. பழுப்பேறிய அந்தத் தாள்களை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் நூலாகக் கொண்டுவந்தது. தொண்ணூறு வருசம் இருட்டடிப்புச் செய்தும் அந்தக் குரலை ஒழிக்க முடியவில்லை. தாளைத் திறக்க மென்பொருள் வேண்டாம், படிக்கத் தெரிந்த கண் போதும்.

அதே 1990களில் நாம் அடித்த துண்டறிக்கை, உண்மை அறியும் குழு அறிக்கை, கூட்டத் தீர்மானம், அச்சுக்குப் போகாமலே நின்ற கவிதை எல்லாம் பிளாப்பியிலும் சிடியிலும் கிடக்கிறதே, அதைத் திறந்து பாருங்கள் தோழர்களே. பாதி திறக்காது. திறந்தாலும் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கொட்டிக் கிடக்கும். தாள் நூறு வருசம் தாங்கியது, வட்டு முப்பது வருசம் தாங்கவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அன்றைய கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்து வேலையை நடத்தினோம். கோப்புக்குள் இருப்பது எண்தான், அதற்குத் தமிழ் வேஷம் கட்டுவது எழுத்துரு. ஆளாளுக்கு ஒரு மாதிரி ஒட்டினார்கள். பாமினியில் அடித்ததை இன்னொரு எழுத்துருவில் போட்டால் உளறல். 1999இல் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டில் தாம், தாப் என்று தரம் வகுத்தார்கள். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. எல்லாம் இனி அடிக்கப்போவதற்கான ஏற்பாடு. அடித்து வைத்ததை யார் கரை சேர்ப்பது?

எழுத்துருவுக்கு மேலே இன்னொரு பூட்டு, பேஜ்மேக்கர். அடோபி நிறுவனம் 2001இல் 7.0 பதிப்போடு அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. அடுத்து வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. பிறகு வந்தவை கைவிரித்துவிட்டன. அதற்கும் முந்தைய 16 பிட் நிரல்கள் இன்றைய 64 பிட் விண்டோசில் ஓடவே ஓடாது.

ஆனாலும் கள்ளக்குறிச்சி பக்கம் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான். புது விண்டோசை ஏமாற்றி, பழைய விண்டோஸ் என்று நம்பவைத்து ஓட்டுகிறார்கள். “இந்த மெஷினுக்கு நெட் குடுக்க மாட்டோம்ணே, அப்டேட் ஆயிட்டா அவ்ளோதான்” என்று ஒரு தங்கச்சி சொன்னது. திரையில் வரும் உளறலைப் பார்த்தே இது எந்த எழுத்துரு என்று அது சொல்லிவிடும். இந்த அறிவுக்குப் பட்டமும் கிடையாது, நல்ல சம்பளமும் கிடையாது. கையால் செய்கிறவருக்குத் தெரிந்ததை அறிவு என்றே ஒப்புக்கொள்ளாத சாதிப் புத்தி கணிப்பொறிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் பத்தாண்டின் சாவி இன்றைக்கு இவர்கள் கையில் இருக்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. பணத்தின் கணக்குக்கு இந்தக் கதி வருவதில்லை. 1959இல் பிறந்த கோபோல் மொழியில் எழுதிய நிரல்களை உலகத்துப் பெரிய வங்கிகள் இன்னும் சோறு போட்டு வளர்க்கின்றன. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். வேலையிழந்தோர் உதவித்தொகை அந்தப் பழைய நிரல்களின் மேல்தான் ஓடியது. பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு, அதிலிருந்து கோர் பேங்கிங்குக்கு என்று எத்தனை முறை மாறினாலும், விவசாயக் கூலியின் கடன் பாக்கி தொலைந்துபோச்சு என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதிகாரத்துக்கு வேண்டியது புது இயந்திரத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆக, இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் இல்லை.

பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றுவது ஆபத்தான நேரம் என்று நம் மக்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1892 ஆணையால் வந்த பஞ்சமி நிலம் என்ன ஆயிற்று? 1980களில் யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, பழைய ‘அ’ பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு பல ஊர்களில் புதுப் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. இன்றைக்கும் வழக்கு நடத்துகிறவர்கள் யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைத்தான் தேடி அலைகிறார்கள். அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

நம்ம ஊர்க் காகிதங்களும் தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் விழுப்புரத்துக்கும், 2019இல் கள்ளக்குறிச்சிக்கும் மாறி வந்தவைதான். 1976 வரை ஜாகீர்தார்களிடம் கிடந்த கல்வராயன் மலையின் பழங்குடி மக்களிடம் போய், ‘பழைய ஆதாரம் கொண்டா’ என்கிறார்கள். கேட்கிறவர்கள் எவரும் அந்த ஆதாரத்தைப் பாதுகாத்தவர்கள் இல்லை. ஆகவே புதுசாக மாற்றினால் மட்டும் போதாது. மாற்றியது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழசும் உயிரோடு ஓட வேண்டும்.

‘அச்சான பிரதி இருக்கே, ஸ்கேன் பண்ணினாப் போச்சு’ என்று சில தோழர்கள் சொல்வார்கள். இருப்பதை அவசியம் செய்யுங்கள். ஆனால் இருநூறு படி போட்டுச் சேரியில் கொடுத்த துண்டறிக்கை எந்த நூலகத்தில் இருக்கிறது? பாதிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல், வெட்டப்படுவதற்கு முந்தைய முழு அறிக்கை, இவையெல்லாம் வட்டில் மட்டும்தான்.

வழி இல்லாமல் இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. சுரதாவின் ‘பொங்குதமிழ்’ மாற்றி பழைய எழுத்துருக்கள் பலவற்றை யூனிகோடாக்கும். 2015இலிருந்து லிப்ரே ஆபீஸ் டிராவே பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது, காசு வேண்டாம். பக்கம் கொஞ்சம் கலைந்து வரலாம், எழுத்து கிடைத்துவிடும். யூஎஸ்பியில் செருகும் பிளாப்பி டிரைவும் வாங்கலாம்.

மாணவர்கள் செய்ய வேண்டியது: முதலில் வட்டுகளை நகலெடுங்கள். கோப்போடு அதன் எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள், அது இல்லாமல் கோப்பு ஊமை. பழைய இயந்திரம் ஒன்றை இணையம் கொடுக்காமல் ஓடவிடுங்கள், அல்லது புதுக் கணிப்பொறிக்குள் மெய்நிகர் இயந்திரமாக நிறுத்துங்கள். மாற்றியபின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதை அந்த ஊர்க்காரர் ஒருவர் வாசித்துச் சரிபார்க்கட்டும். ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் எங்கே பிசகியது என்று அவருக்குத்தான் தெரியும். டிடிபி கடைத் தங்கச்சிக்கு உரிய கூலி கொடுத்து, தொகுப்பில் பெயரும் போடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பீரோவில் கிடக்கும் பிளாப்பிகளைக் கொண்டுவாருங்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போடுவோம்.