அடி வாங்கியவனுக்கா சிகிச்சை?

பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளைகளை இணையவழிக் குழு சிகிச்சையில் சேர்த்துவிட்டால் போதும் என்று ஒரு வாதம் பலமாக வைக்கப்படுகிறது. பூதலூர் மாதிரி ஊரில் மனநல ஆலோசகர் கிடைப்பது அரிது, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ரயிலேற வேண்டும், செல்பேசிதான் வீட்டுக்கு வீடு இருக்கிறதே என்கிறார்கள். எட்டுப் பத்துப் பிள்ளைகளைத் திரையில் கூட்டி ஓர் ஆலோசகரை உட்கார வைத்தால் 'நமக்கு மட்டும் இல்லை' என்ற தெம்பு வரும், மனம்விட்டுப் பேசி மீண்டுவிடுவார்களாம். இரக்கத்தில் பிறந்த யோசனைதான். ஆனால் அடிப்படையே தவறு. நடைமுறைக்கு வந்தால் பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்யும்.

பிள்ளைகள் பேசாமல் இருப்பதுதான் சிக்கல் என்று இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்குநேரியில் என்ன நடந்தது? பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே சாதியைச் சொல்லித் துன்புறுத்திவந்தார்கள். அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர்கள் கூப்பிட்டு விசாரித்தபோது எல்லாவற்றையும் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தப் பையன் வாய் திறந்து பேசியவன். பேசியவனைக் காக்க அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. அந்த வாரம் அவனை ஒரு வீடியோ குழுவில் உட்கார வைத்திருந்தால் அரிவாள் திரும்பிப் போயிருக்குமா? பதில் சொல்லுங்கள்.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம், ராகிங், போதை, பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கண்காணிக்கப் பள்ளி நல அலுவலர் என்று அது பேசியதெல்லாம் பள்ளியைத் திருத்துவது பற்றி. நீங்களோ வெட்டுப்பட்டவனின் மனத்தைத் திருத்தக் கிளம்புகிறீர்கள்.

இன்னும் பின்னால் போகலாம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசு ராகிங்கில் கொலையானார். மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. துன்புறுத்துபவனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தை. முதலாண்டு மாணவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பிவைத்து அந்தச் சட்டம் கைகழுவவில்லை. கல்லூரிப் பிள்ளைக்குக் கிடைத்த அந்த நியாயம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டாமா?

இனி பூதலூருக்கே வருகிறேன். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு செல்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். சாயங்காலம் அது கைக்கு வரும்போது கூடத்தில் அம்மா, பாட்டி, தம்பி, டிவி எல்லாம் இருக்கும். நடையும் பேச்சும் பெண் மாதிரி இருக்கிறதென்று நாள் முழுக்க ஓட்டப்படும் பையன் அப்பா காதுபட எதைச் சொல்வான்? கழிப்பறைச் சுவரில் தன் பெயரை எழுதிவிட்டார்கள் என்று ஒரு பெண் அந்தக் கூடத்தில் சொன்னால், மறுநாளே படிப்பை நிறுத்தும் வீடுகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாதா?

பெயரை மறைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். செங்கிப்பட்டி, திருக்காட்டுப்பள்ளி, பூதலூர்ப் பிள்ளைகள் ஒரே பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள், ஒரே டியூஷனில் படிப்பவர்கள். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஒருவன் திரையைப் பதிவு செய்து வாட்ஸ்ஆப்பில் விட்டால் போதும், அழுத பிள்ளையின் அழுகையே அடுத்த வாரக் கேலிக்குப் பொருளாகும். இன்று துன்புறுத்தல் செல்பேசியிலும் நடக்கிறது. அதே கருவிக்குள் அதே பிள்ளையை மறுபடி தள்ளுவது என்ன வைத்தியம்? கேமராவை அணைத்துவிட்டு ஒரு பிள்ளை 'செத்துடலாம்போல இருக்கு' என்றால், சென்னையில் இருக்கும் ஆலோசகர் எந்தத் தெருவுக்கு யாரை அனுப்புவார்?

'நமக்கு மட்டும் இல்லை' என்ற தெம்பைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். தெம்பு வரலாம். ஆனால் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்ளும் பிள்ளைகளிடம் நட்பும் கூடுகிறது, மனச்சோர்வும் கூடுகிறது என்று உளவியல் ஆய்வாளர் அமண்டா ரோஸ் 2002இலேயே எழுதிவிட்டார். தேர்ந்த ஆலோசகர் நேரில் இருந்தால் பேச்சைத் திசைதிருப்ப முடியும். விட்டு விட்டு வரும் சிக்னலில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு எப்படி முடியும்?

நார்வேயில் 1982இல் துன்புறுத்தலுக்கு ஆளான மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த நாடு மறு ஆண்டே பள்ளிகள் தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. அந்த வழியில் உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த திட்டம் இடைவேளையில் ஆசிரியர் கண்காணிப்பு, வகுப்பு விதிகள், துன்புறுத்துபவனோடும் அவன் பெற்றோரோடும் நேரடிப் பேச்சு என்று போனது. பெர்கன் நகரப் பள்ளிகளில் துன்புறுத்தல் ஏறக்குறையப் பாதியானது. பின்லாந்து உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லி கண்டது இன்னும் முக்கியம்: அடிப்பவனைச் சுற்றி நின்று சிரிப்பவர்களும் கண்டும் காணாமல் போகிறவர்களும்தான் அவனுக்குப் பலம். அவர்களை மாற்றாமல் எதுவும் மாறாது. சிரிக்கும் அந்த நாற்பது பேர் உங்கள் திரைக்குள் எப்போது வருவார்கள்?

மனம் நொந்த பிள்ளைக்கு உதவி கூடாது என்று நான் சொல்லவில்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவை இருக்கிறது. ஒரு பிள்ளை தனியாக ஒருவரிடம் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அது உடனடித் தேவைக்கு. குழு சிகிச்சையைத் தீர்வாகக் காட்டி, பள்ளியையும் துன்புறுத்துபவர்களையும் கணக்கிலிருந்து விடுவிப்பதைத்தான் ஏற்க முடியாது.

பூதலூர் வட்டாரப் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு இடம் உங்களுடையது, மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் கட்டடத்தையும் குடிநீரையும் பேசி முடித்ததும் எழுந்து கேளுங்கள்: இந்தப் பள்ளியில் புகார் சொன்ன பிள்ளைக்கு யார் பொறுப்பு? பெயரைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் 14417க்கு அழைத்துப் பள்ளிக் கல்வித் துறையிடம் புகாரைப் பதிவு செய்யுங்கள்.