மறுபடியும் விண்ணப்பிக்கிற பிள்ளைகள்



டெல்லி கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோட்டைக் கடந்தால் எய்ம்ஸ் மருத்துவமனை. அதற்கும் தெற்கே யூசுப் சராய், கவுதம் நகர். மருத்துவத் தேர்வுகளுக்கான பயிற்சிக்குப் பேர்போன சந்துகள் அவை. ரஷ்யாவிலோ சீனாவிலோ பிலிப்பைன்ஸிலோ மருத்துவம் படித்துத் திரும்பிய நம் நெல்லை, குமரி மாவட்டப் பிள்ளைகளும் அங்கே ஒரு கட்டிலும் ஒரு மேஜையும் கொள்ளுமளவு அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு வந்தால் கடைசி வரிசையில் அமர்கிறார்கள். ஆசீர்வாத ஜெபம் முடியுமுன்னே எழுந்து போய்விடுகிறார்கள். பக்திக் குறைவு என்று எண்ணிவிடாதிருங்கள். வாசலில் நிற்கிற நம்முடைய கேள்விக்கே அவர்கள் பயப்படுகிறார்கள். "தம்பி, ரிசல்ட் வந்துவிட்டதா?"

வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் இந்தியாவில் மருத்துவராகப் பதிவுபெற ஒரு தகுதித் தேர்வு எழுதவேண்டும் என்ற ஒழுங்கு 2002-ஆம் ஆண்டு வந்தது. பிள்ளைகள் எப்.எம்.ஜி.இ. என்று சொல்லுவது இதைத்தான். தேசியத் தேர்வு வாரியம் இதை வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. 300 கேள்விகள், கேள்விக்கு ஒரு மதிப்பெண், 150 எடுத்தால் தேர்ச்சி. 149 எடுத்தவருக்கும் 60 எடுத்தவருக்கும் வரும் முடிவு ஒன்றே. பெரும்பாலான முறைகளில் எழுதுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தவறுகிறார்கள். சிலமுறை அதற்கும் அதிகம். உங்கள் வீட்டுப் பிள்ளை தவறியிருந்தால், பெருங்கூட்டத்தோடுதான் தவறியிருக்கிறது.

இதற்குக் காரணங்கள் உண்டு. பல நாடுகளில் நோயாளிகள் பேசும் மொழி வேறு. ஆகவே படுக்கையருகே நின்று கற்கும் பாடம் குறைந்துபோகிறது. அங்கே காணும் நோய்களும் நம் ஊர் நோய்களும் ஒன்றல்ல. சமூக மருத்துவம் என்ற பாடத்திற்கு மட்டும் இத்தேர்வில் 30 மதிப்பெண். இந்தியாவின் தடுப்பூசி அட்டவணையும் காசநோய்த் திட்டமும் அயல்நாட்டு வகுப்பறையில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றிலும் சேர்த்து 51. இவை முதல் வருடங்களில் படித்து மறந்துபோன பாடங்கள்.

ஆனால் சபையிலே நாம் வேறு காரணம் தேடுகிறோம். ஜெபக்குறைவு, மறைவான பாவம், செலுத்தாத பொருத்தனை. ஜெபக்கூட்டத்தில் யாரோ ஒருவர், "இந்த முறை ஜெயம், கர்த்தர் காண்பித்தார்" என்று சொல்லியிருப்பார். முடிவு வேறாக வந்தபின் சொன்னவர் அதைப்பற்றிப் பேசுவதில்லை. விசுவாசம் போதவில்லை என்ற பழி பிள்ளையின் தலையில் விழுகிறது. படித்து முடிக்குமுன்னே திருமண அழைப்பிதழிலும் சபை அறிவிப்பிலும் டாக்டர் என்று அச்சடிக்கிற வழக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த இரண்டெழுத்துச் சுருக்கம் பிள்ளைக்கு மகிமையாக இருப்பதில்லை, நுகமாக இருக்கிறது.

மாற்கு என்னும் யோவானை நினைத்துப் பாருங்கள். பம்பிலியாவிலுள்ள பெர்கேயில் பவுலையும் உடனிருந்தவர்களையும் விட்டு அவன் எருசலேமுக்குத் திரும்பிப் போனான் (அப். 13:13). ஏன் என்று வேதம் சொல்லவில்லை. நாமாயிருந்தால் காரணத்தை விசாரித்து நாலு பேருக்குச் சொல்லியிருப்போம்! அடுத்த பயணத்துக்கு அவன் பெயர் வந்தபோது பவுல் ஒப்புக்கொள்ளவில்லை. பர்னபாவோ அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார் (அப். 15:39). சீப்புரு பர்னபாவின் சொந்த ஊர். தோற்ற வாலிபனைத் தனக்குப் பழக்கமான இடத்துக்கு, தன்னோடுகூடவே அழைத்துப் போனார். ஆண்டுகள் பல கடந்து, சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த பவுலே, மாற்குவை அழைத்து வரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், ஊழியத்தில் அவனால் பயனுண்டு என்றும் சொல்லுகிறார் (2 தீமோ. 4:11).

பவுல் மறுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்தான பயணத்துக்கு ஆள் எடுக்கிறவர் கண்டிப்பாயிருக்கத்தான் வேண்டும். தேர்வு வாரியமும் அப்படியே. நாளைக்கு அந்த மருத்துவரின் கையில் இருக்கப்போவது உங்கள் தாயின் உயிராக இருக்கலாம். பவுலின் வேலையை வாரியம் பார்த்துக்கொள்ளுகிறது. நம் வீடுகளில் அதே வேலையைத் தகப்பன், சித்தப்பா, போதகர் என்று நாலைந்து பேர் சேர்ந்து பார்க்கிறார்கள். பர்னபாவின் வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஆள் இல்லாத இடத்தில் தரகன் வருகிறான். தேர்ச்சி பெறாமலே பதிவு வாங்கித் தருகிறேன் என்பான். தேர்ச்சி பெறாத 73 பேருக்குப் பல மாநில மருத்துவக் கவுன்சில்கள் பதிவு கொடுத்ததாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்து, 2022 டிசம்பரில் நாடெங்கும் சோதனை நடத்தியது. பதிவில்லாமல் சிறு நர்சிங் ஹோமில் இரவுப் பணி பார்ப்பதும் குற்றமே. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, இதற்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர், "சும்மா இருப்பதற்கு அதையாவது செய்" என்று பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது.

நேரான வழி திறந்தே இருக்கிறது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இத்தேர்வுக்கு இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதுமில்லை. எனவே எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதலாம். தேறியபின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, அதன்பின் நிரந்தரப் பதிவு. மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. வாசலும் மற்றவர்களுக்குப் போலவே திறக்கும். 2021 நவம்பருக்குப் பின் வெளிநாட்டில் சேர்ந்தவர்கள் மட்டும், குறைந்தது 54 மாதப் படிப்பு, அந்நாட்டிலேயே 12 மாதப் பயிற்சி என்ற புதிய விதிகளைக் கவனமாய் வாசிக்கவேண்டும்.

கிட்வாய் நகர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய குவார்ட்டர்ஸ் வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்த பிறகும் உங்கள் சமையலறையில் ரசம் கொதிக்கத்தானே செய்கிறது? வாரத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளைகளில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். தேர்வைப்பற்றி அவர்களாய்ப் பேசினாலன்றி நீங்கள் பேசவேண்டாம்.

தகப்பன்மாருக்கு: ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் புதிது, கட்டணமும் புதிது. அதைக் கேட்க மகளோ மகனோ கூச்சப்படுமுன் நீங்களே கொடுத்துவிடுங்கள். பட்டச் சான்றிதழில் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ அப்போஸ்டில் முத்திரையோ இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சிக்கல். பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் பெயர் ஒரே எழுத்துக்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளியில் ஒரு பெயர், ஞானஸ்நானத்துக்குப்பின் ஒரு பெயர் என்று வைத்திருக்கிற நம் வீடுகளில் இதை உட்கார்ந்து சரிபார்க்க ஒரு மாலைப்பொழுதாவது ஆகும்.